காம்பு நறுக்கிய நாற்பத்தொரு கட்டு

1979 செப்டம்பர் 12, புதன்கிழமை காலை 9.40 மணி. ஸ்ரீபெரும்புதூரில் நீதிமன்றத்துக்கு எதிரே இருந்த அஞ்சலகத்திலிருந்து வனக்காவலர் ரகுபதி தன் அலுவலகத் தலைமை எழுத்தர் வரதராஜுலுவுக்கு டிரங்க் கால் போட்டார். மயில்களைக் கொன்று இறகு விற்றதாக வடக்குப்பட்டு தாண்டவராயன் மீது தொடரப்பட்ட வழக்கு அன்று பத்தரை மணிக்கு விசாரணைக்கு வரவிருந்தது.

அலோ... அலோ! வரதராஜுலு சாரா? ரகுபதி பேசறேன் சார், கோர்ட்டாண்டருந்து... ஆமா, ஆமா, வந்துட்டாரு. மொத பஸ்சுலயே நம்ம வாச்சர் எல்லப்பன் எறகு மூட்டையோட வந்து எறங்கிட்டாரு... பத்திரமாவா? அத்த கேக்கத்தான் சார் போன் போட்டேன். நேத்து ஆபீசுல அவரு மூட்டைய பிரிச்சாரே, யாரும் பாக்கலியா?... எறகு கொறையல சார். எறகு அப்டியேதான் கீது. காம்புதான் இல்ல!... காம்பு சார், அடிக்காம்பு! நாப்பத்தோரு கட்டையும் தரையில தட்டி, அடிய ஒண்ணா சேத்து, கத்திரிக்கோலால நறுக்கி வெச்சிகீறாரு...

அழகா கீதான்னா... கீது சார். ரொம்ப அழகா கீது.

இன்னா சார் இப்டி கேக்கறீங்க, கேஸே அந்தக் காம்புலதான கீது! மயிலு தானா உதுக்கிற எறகுக்கு அடி வெள்ளையா இருக்கும் சார், பால் பல்லு விழுந்த மாரி. மருந்து வெச்ச நெல்லப் போட்டு, சாவடிச்சி, புடுங்கினாத்தான் அடியில ரத்தம் காஞ்சி கருப்பா ஒட்டிகினு இருக்கும்... ஆமா... ஆமா சார், அதேதான். தாண்டவராயன் இன்னா எழுதிக் குடுத்துகீறான்? தானா உதுந்தது, ஆடு மேய்க்கிறவங்க பொறுக்கியாந்து குடுத்தாங்கன்னு. உதுந்தத வெச்சிகினா குத்தமில்லன்றான் அவன் வக்கீலு... வைகாசியிலதான் புடிச்சோம், உதுக்கறது ஆவணியிலதான், எனக்குத் தெரியாதா? போன வருசத்து எறகும்பான், முடிஞ்சிபோச்சி. கறிய எப்பவோ வித்துத் தின்னுட்டாங்க. அந்த ரத்தம் ஒண்ணுதான் சார் நம்ம கையில இருந்துச்சி.

இருங்க, கேக்கறேன்... எல்லப்பண்ணே, இன்னாத்துக்குண்ணே நறுக்கின?... சார், எறும்பு மொய்ச்சிகினு இருந்துச்சாம். மாஜிஸ்திரேட்டு அய்யா மேசை மேல வெக்கிற பொருளாச்சேன்னு சுத்தம் பண்ணாராம்... திட்டி இன்னா ஆவறது? வூட்ல ஈச்ச வெளக்கமாறு கட்டி விக்கிறவரு. அடி பிசிறா இருந்தா அவரு கை சும்மா இருக்காது. மொத கட்ட வெட்டும்போது ஒரு ஆளு பாத்திருந்தா போதும்...

சீலா? சீல் வெச்சத எப்டி பிரிச்சாருன்னு கேக்கறீங்களா? அரக்கு எங்க சார் குடுத்தீங்க? மூணு வாட்டி அரக்கு கேட்டு இண்டென்ட் எழுதிப் போட்டேன், அடுத்த மாசம் அடுத்த மாசம்னீங்க... சரி... சரி சார், வுடுங்க. இப்ப சண்ட வாணாம்.

சார், நறுக்கின துண்டு! பின்னால வேப்ப மரத்தடியில கொட்டினாராம். ஒரு கை அள்ளி பொட்டலம் கட்டி யார் கிட்டயாவது குடுத்தனுப்பிச்சீங்கன்னா, நம்ம வக்கீல்கிட்ட சொல்லி கேஸ மத்தியானத்துக்கு தள்ளி வெக்கச் சொல்றேன். கொஞ்சம் போய்ப் பாருங்க சார்... புண்ணியமா போவும். நான் லைன்லயே இருக்கேன்...

...ம்மா, ஆப்பரேட்டர் அம்மா, கட் பண்ணிடாதீங்க. இன்னொரு மூணு நிமிசம் போடுங்க, போலீஸ் கேசு மாரிதான்மா இது... எண்ணே, உக்காருண்ணே. அழுவாத. எல்லாரும் பாக்கறாங்க. தோ, எதுத்தாப்புல டீக்கடையில தாண்டவராயன் கைய ஆட்டறான், அந்தப் பக்கம் திரும்பாத...

அலோ! சொல்லுங்க சார்... சாம்பலா? இன்னா சாம்பல்?... பங்கஜமா? பங்கஜம் எதுக்கு காலங்காத்தால குப்பைய கொளுத்துது? வாரத்துல ஒரு நாளு கூட பெருக்காதே அது!... யாரு சொன்னது?... நீங்களா?

பெரிய ஆபீசர், டி.எஃப்.ஓ. வராருன்னு.

சரி.

லைன்லதான் இருக்கேன்... சார், எறக புடிச்சப்ப எழுதின மகஜர் எடுங்க. ஆபீஸ் காப்பி அலமாரியில மேல் தட்டுல இருக்கும். அதுல எழுதியிருந்தா கூட போதும்... படிங்க... ம்... ம்... "மயில் இறகு, கட்டு நாற்பத்தொன்று"... அப்பறம்?... கையெழுத்தா? அவ்ளோதானா? ரத்தக்கறைன்னு ஒரு வரி கூட இல்லியா? நான் அங்கயே தலபாடா அடிச்சிகினேன் சார், எழுதுங்கய்யா எழுதுங்கய்யான்னு. பொருளே கையில கீது, அத வேற எழுதணுமான்னாரு ரேஞ்சரய்யா... அவரு எங்க சார்?... மெட்ராசு மீட்டிங்கா. நல்லது.

ஒரு நிமிசம் சார்... இன்னாண்ணே?... நெசமாவா சொல்ற?... சார், எல்லப்பன் கூண்டுல ஏறி சொல்றேன்றாரு. காம்புல ரத்தம் இருந்துச்சி, நான்தான் நறுக்கினேன்னு... தெரியும் சார். சாட்சிய அழிச்சதா அவர் மேலயே திரும்பும். பதினோரு வருசமா தினக்கூலி வாச்சர், இந்த வருசம் பர்மனென்ட் லிஸ்ட்டுல பேரு கீது, எல்லாம் எனக்கும் தெரியும்... நான் சொல்லச் சொல்லல! நான் ஒரு வார்த்த சொல்லல சார், அவராத்தான்...

வாணாம்னு நீங்களே சொல்லுங்க. இருங்க, போன குடுக்கறேன். எண்ணே! எல்லப்பண்ணே!... சார், அவரு இங்க இல்ல. மூட்டைய தூக்கினு ரோட்ட தாண்டிட்டாரு. கோர்ட்டு படி ஏறிகினு கீறாரு... நான் எப்டி சார் புடிச்சி இழுக்கறது? கேஸு என்னுது. அவரு கூண்டுல ஏறணும்னுதான் எனக்கு... அலோ... அலோ சார்?... அம்மா, ஆப்பரேட்டர்...

இணைப்பு அறுந்தது. எல்லப்பன் பதினொன்றே காலுக்குச் சாட்சி சொன்னார். காம்புகளை வெட்டியவரே அவற்றில் ரத்தம் இருந்ததாகச் சொல்வதை ஏற்க இயலாது என்று கூறி நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. நாற்பத்தொரு கட்டும் தாண்டவராயனிடம் திருப்பிக் கொடுக்கப்பட்டன. அக்டோபர் முதல் தேதியிலிருந்து எல்லப்பனுக்கு வேலை தரப்படவில்லை.