போகாதே என்றவருக்குப் போகிறவள் சொல்வது

தலைமை வகிக்கும் வேதாச்சலம் அவர்களே, மேடையில் இருக்கும் மன்றப் பெரியவர்களே, பாலசமுத்திரத்திலிருந்தும் நகரியிலிருந்தும் பஸ் பிடித்து வந்திருக்கும் உறவுகளே, முன்வரிசையில் தலை குனிந்து உட்கார்ந்திருக்கும் கமலம்மா அவர்களே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

சித்தூர் எல்லைத் தமிழர் மன்றத்தின் தந்தை, எல்லைச் சுடர் துலுக்காணம் அவர்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். பேசக் கூப்பிட்டபோதே வேதாச்சலம் அவர்கள் எனக்கு வழி சொல்லிக் கொடுத்தார். "நல்லதா நாலு வார்த்த பேசும்மா. கடைசில, அவரு ஆசைய மதிச்சு நான் எங்கியும் போவலன்னு சொல்லி முடிச்சுடு. கூட்டமே அழுதுடும்" என்றார்.

அது என்ன ஆசை என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வடக்கே நாட்டியத்துக்கென்று தனித்துறை வைத்திருக்கும் ஒரு பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. படிக்க எனக்கு இடம் கிடைத்திருக்கிறது. அடுத்த வாரம் வகுப்பு தொடங்குகிறது. என்னை அனுப்பக் கூடாது என்று துலுக்காணம் மாமா சாகும் தறுவாயில் என் வீட்டுக்காரர் முனிகிருஷ்ணனிடம் கையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார். அதனால் நான் போகலாமா கூடாதா என்று ஊரே பேசுகிறது. எனக்கும் இன்று பதில் சொல்லியாக வேண்டியிருக்கிறது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். சொல்லவும் நிறைய இருக்கிறது.

பஜார் தெருவில் சைக்கிள் கடை வைத்திருந்தவர் அவர். எல்லைப் போராட்டம் என்று வந்ததும் கடையைப் பாதி நாள் பூட்டிவிட்டு, வாடகைக்கு விட வேண்டிய சைக்கிளிலேயே ஊர் ஊராகப் போனார். சத்தியவேட்டிலும் புத்தூரிலும் அவர் ஏறாத வரப்பு உண்டா? தமிழ் பேசும் வீடு எது என்று கேட்டுக் கதவு தட்டாத தெரு உண்டா? அடுத்தவர் வீட்டில் ஒரு வாய்ச் சோறு துன்னமாட்டார். பொய் பேசமாட்டார். தனக்கொரு சட்டம், ஊருக்கொரு சட்டம் என்று வைத்துக்கொண்டவர் இல்லை. இந்த ஏப்ரலில் திருத்தணி மதராசோடு சேர்ந்ததில் அவர் காலின் உழைப்பும் இருக்கிறது. இதை மறுப்பவர் யாரும் இங்கே இருக்க முடியாது. நானும் மறுக்கவில்லை.

அவர் யோக்கியர். அதனால்தான் அவரிடமிருந்து யாராலும் தப்பிக்க முடியவில்லை.

ஆந்திரம் தனி ராஜ்யமாகி, கர்நூல் தலைநகராகி, சித்தூர் அதற்குள் போய்விட்ட காலத்தில் நம் மன்றம் ஒரு வழக்கத்தைக் கொண்டு வந்தது. கர்நூல் சர்க்கார் கொடுக்கிற வேலையோ உதவியோ எதுவானாலும் தமிழன் தொடக் கூடாது. தொட்டால் நாம் ஆந்திரர்தான் என்று ஒப்புக்கொண்டதாக எல்லைக் கமிஷனில் காட்டிவிடுவார்கள். ஏற்கனவே வாங்கியவர்கள் மேடையேறி, எனக்கு வேண்டாம் என்று சொல்ல வேண்டும். மன்றம் அவர்களுக்குச் சம்பங்கி மாலை போடும். துறந்தவர்கள் என்று பெயரும் கொடுக்கும்.

அப்போது நான் திருப்பதியில் பி.ஏ. முடித்திருந்தேன். வடக்கே போய்ப் படிக்க கர்நூல் சர்க்காரின் உபகாரச் சம்பளத்துக்கு ஆள் எடுத்தார்கள். ஆடிக் காட்டினேன். நடுவில் உட்கார்ந்திருந்த தெலுங்கு அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "வெள்ளம்மா, வெள்ளி பாகா சதுவுகோ" என்றார். போம்மா, போய் நன்றாகப் படி என்றார். போ என்று சொன்னவர் அவர். போகாதே என்று சொன்னவர் நம்மவர்.

மறுநாளே துலுக்காணம் மாமா நகரியில் எங்கள் வீட்டுச் சுவரில் சைக்கிளைச் சாய்த்தார்.

"இன்னா வெங்கடலட்சுமி, கால ஆட்டறதுக்குக் கூட காலேஜு கீதாமே?"

"கீது மாமா."

"ஆடி முடிச்சா இன்னா குடுப்பான்?"

"எம்.ஏ. பட்டம்."

"அத கால்ல கட்டிக்குவியா, கழுத்துல கட்டிக்குவியா?"

தறியில் உட்கார்ந்திருந்த என் நைனா சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். அவர் மட்டும் சிரிக்கவில்லை. "கர்நூல் தயவுல போனீன்னா நீ தெலுங்குக்காரி ஆயிட்ட. ஒன்னக் காட்டியே சித்தூர எழுதிக்கினு பூடுவான். கொஞ்சம் பொறுத்துக்க. சித்தூரு மதராசோட சேரட்டும், மதராசு சர்க்காரே ஒன்ன அனுப்பும்" என்றார்.

நம்பினேன். இருபது வயதில் யாரைத்தான் நம்பமாட்டோம்? இதே மேடையில் ஏறி, வேண்டாம் என்று சொன்னேன். மாலை விழுந்தது. நீங்கள் கை தட்டினீர்கள். மேடையில் இருப்பவர்களே, நீங்களும் தட்டினீர்கள். இங்கிருந்து பார்த்தால் எல்லா முகமும் தெரியும்.

அதற்குப் பிறகு எனக்கு ஒரே வேலைதான். எந்த ஊரில் கூட்டம் நடந்தாலும் நடுவில் நிறுத்தி, "வெங்கடலட்சுமி, எழுந்திரும்மா" என்பார். நான் எழுந்து நிற்பேன். "பாத்துக்கங்க, எட்டின பட்டத்த உதறினவ" என்பார். கை தட்டுவார்கள். உட்காருவேன். கல்யாணமாகி மஞ்சள் காயாமல் நின்றேன். வயிற்றைத் தள்ளிக்கொண்டு நின்றேன். மங்கையை இடுப்பில் வைத்துக்கொண்டும் நின்றேன். ஒருமுறை புத்தூரில் கேட்டேன்.

"மாமா, சும்மா நிக்கறதுக்கு ஒரு பாட்டுக்கு ஆடிக் காட்டட்டுமா?"

"ஆடுனா ஆட்டத்தப் பாப்பாங்கம்மா. நின்னாத்தான் நீ இழந்ததப் பாப்பாங்க."

நாட்டியம் படித்த ஒருத்தியை ஆடாமல் நிற்பதற்காகவே பெயர்பெற வைத்தவர் இந்த நாட்டில் வேறு யாராவது உண்டா? எல்லைச் சுடருக்கு நீங்கள் சிலை வைத்தால் இந்தச் சாதனையையும் அதன் கீழே பொறிக்க வேண்டும்.

எல்லை அதிகாரி சித்தூருக்கு வந்தபோது துறந்தவர்கள் எல்லோரையும் அழைத்துப் போய் பங்களா வாசலில் வெயிலில் நிறுத்தினார். உள்ளே கேட்டது ஒன்றுதான்: எந்தக் கிராமத்தில் எத்தனை பேர் எந்தப் பாஷை பேசுகிறார்கள். நாங்கள் எதைத் துறந்தோம் என்று ஒருவரும் கேட்கவில்லை. நான் வடக்கே போயிருந்தாலும் அவர்கள் கணக்கில் நான் தமிழச்சியாகத்தான் இருந்திருப்பேன். நான் இங்கேயே இருந்தும் சித்தூர் ஆந்திராவில்தான் இருக்கிறது.

சொந்தப் பிள்ளைக்கு மட்டும் விட்டுக்கொடுத்தாரா? இல்லை. சிட்டிபாபு அண்ணனுக்கு சர்வே ஆபீசில் கிடைத்த வேலையையும் இதே மேடையில் துறக்க வைத்தார். அண்ணன் இப்போது மாங்காய் மண்டியில் லாரிக்குக் கூடை ஏற்றுகிறார். அதோ, கடைசி வரிசையில் இருக்கிறார். நீங்கள் எழுந்திருக்க வேண்டாம் அண்ணா, உட்காருங்கள்.

திருத்தணி போய் சித்தூர் நின்றுவிட்ட செய்தி வந்ததும் மாமா படுத்துவிட்டார். அந்த நேரத்தில்தான் எனக்கு மறுபடி இடம் கிடைத்தது. பிள்ளை பெற்ற உடம்பை வளைத்து மீண்டும் பழகிய கதையைச் சொல்லப்போவதில்லை. "இந்த இடுப்ப வெச்சிக்கினு எங்க ஆடப் போறா" என்று குழாயடியில் சிரித்தவர்கள் இங்கே வந்திருக்கிறார்கள். அவர்களுக்கும் வணக்கம்.

மங்கையைத் தூக்கிக்கொண்டு அவரிடம் சொல்லிக்கொள்ளப் போனேன். அவர் கேட்டது ஒன்றுதான்.

"யாரு தயவு?"

"ஐதராபாத்து சர்க்காரு, மாமா."

தலைநகர் கர்நூலிலிருந்து ஐதராபாத்துக்கு மாறியிருந்தாலும் அவருக்கு அது அதே ஆந்திர சர்க்கார்தான். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். மறுநாள் முனிகிருஷ்ணனை வரவழைத்தார். "இவ போனா, நான் துறக்க வெச்சதெல்லாம் வீணுன்னு ஆயிடும். நான் வீணா பூட்டேன்னு ஊரு சொல்லும். அனுப்பமாட்டேன்னு அடி" என்று கையை நீட்டினார். சாகக் கிடக்கிறவர் நீட்டிய கையை யார் தட்டிவிடுவார்கள்? இவரும் அடித்துக் கொடுத்துவிட்டு வந்தார். மாமா போய்விட்டார். சத்தியம் எங்கள் வீட்டில் உட்கார்ந்துகொண்டது.

"மீறினா கொழந்த மேல வந்து விடியும்" என்றார் என் வீட்டுக்காரர். நான் படித்தவள்தான். ஆனாலும் அன்று முதல் மங்கை தும்மினாலே வேலையைப் போட்டுவிட்டு ஓடுகிறேன். தூங்குகிறவள் மூக்கருகே விரல் வைத்துப் பார்க்கிறேன். இதுவும் எல்லைச் சுடர் எனக்கு விட்டுப்போனதுதான்.

காரியம் முடிந்த அன்று மாமாவின் மனைவி கமலம்மா அவர்களிடம் போனேன். சத்தியத்தை எடுத்துவிடச் சொல்லிக் கேட்க அவரைத் தவிர எனக்கு யார் இருக்கிறார்கள்? அவர் முறத்தை வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அந்தக் கைய நான்தாண்டி கழுவிக் குளிப்பாட்டுனேன். அதுல ஒண்ணும் ஒட்டிக்கினு இல்ல. எம் புள்ளைய ஒக்கார வெச்சாரு, நான் வாயத் தொறக்கல. நீயாவது போய்த் தொல."

வேதாச்சலம் அவர்களே, மணியடிக்க வேண்டாம். வேண்டுமானால் கமலம்மாவையே கேளுங்கள். அவர் தலையாட்டுகிறார், எல்லோரும் பார்க்கிறீர்கள்.

ஆகவே நான் போகிறேன்.

விடுதியில் குழந்தைக்கு இடமில்லை. மங்கை திருச்சானூரில் என் நாத்தனார் செங்கம்மா வீட்டில் இருப்பாள். பால் மறக்கடித்து இன்னும் ஒரு மாதம் ஆகவில்லை. "பெத்தவளாடி நீ" என்று கேட்டுவிட்டார்கள்.

மறைந்தவர் பணியைத் தொடர்வேன் என்று உறுதி சொல்லித்தான் இங்கே எல்லோரும் முடிக்கிறார்கள். நானும் சொல்கிறேன். உயிராக நினைத்த ஒன்றை நாலு பேர் முன்னால் விட்டுவிட்டு, கண்ணில் தண்ணீர் வராமல் இறங்குவது எப்படி என்று எல்லைச் சுடர் துலுக்காணம் அவர்கள் எனக்குக் கற்றுக்கொடுத்தார். இந்தச் சித்தூரில் அவரிடம் அதை ஒழுங்காகக் கற்றவள் நான் ஒருத்திதான். அவர் என்னை விடச் சொன்னது நாட்டியத்தை. நான் விட்டுப் போவது என் மகளை. இது சரியா என்று எனக்குத் தெரியாது. சரி என்று தெரிந்துதான் அவரும் செய்தாரா?

திங்கட்கிழமை ரேணிகுண்டாவில் ரயில் ஏறுகிறேன். வழியனுப்ப மன்றத்திலிருந்து வருவதானால் வாருங்கள், வராவிட்டாலும் வருத்தமில்லை. குழந்தையை மட்டும் யாரும் தூக்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். அவள் அழுதால் நான் இறங்கிவிடுவேன்.