கறுப்பு ஸ்க்ரூ

கீழ்பென்னாத்தூரிலிருந்து திருவண்ணாமலை வரும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இரண்டு தச்சர்கள், மாமனும் மச்சானும்.

"செவுத்து அலமாரிப் பலகைய சாய்வா தொளச்சு கறுப்பு ஸ்க்ரூ போட்டா சர்ருனு எறங்கிடுது மாமா."

"அடப்பாவி! அது சீலிங் அட்டைக்குப் போடறதுடா. பாரம் ஜாஸ்தியானா ஸ்க்ரூ தலை முறிஞ்சு அலமாரியே கீழ வந்துடும்."

"வேங்கிக்கால்ல ரெண்டு வீட்டுல மாட்டிட்டேனே."

"இன்னைக்கே போய்க் கழட்டு. வேற எங்க?"

மச்சான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"உங்களுக்கு நேரமில்லன்னு நான்தானே மாட்டுனேன், உங்க வீட்டு சமையல்கட்டுல."

"ஐயையோ, அடுப்புக்கு நேர் மேலடா! பித்தளைப் பாத்திரம் பூரா அதுலதான் இருக்குது."

மாமன் போனைக் காதில் வைத்தார்.

"அக்கா என்னா சொல்லுது மாமா?"

"ரிங் போவுது. எடுக்க மாட்டேங்கறா."