ஆற்றங்கரையில் நிற்கிறாள்

– மறுபடியும் குறி கேக்கற ரெண்டு மூங்கிலும் மல்லாந்தே விழுது லெங். உன் பொண்டாட்டியோட ஆவி கிளம்ப மாட்டேங்குது.

– இன்னொரு தடவை போடுங்க சோங் அண்ணே.

– போட்டுப் போட்டுக் கையே வலிக்குது தம்பி. நாம அகதியா வந்த இந்த செயின்ட் பால் ஊர்ல எத்தனையோ சாவுக்கு வழி பாடியிருக்கேன். இப்படி அடம் பிடிச்ச ஆளப் பாத்ததில்ல. அவ இருந்த இடத்துல எதையோ சொல்லாம விட்டுட்டே, யோசி. ஒவ்வொரு இடத்துக்கும் நன்றி சொல்லித்தான் அவளை வந்த வழியே பொறந்த இடத்துக்குத் திருப்பிக் கூட்டிட்டுப் போகணும். ஒண்ணு விட்டாலும் நடுவழியில நின்னுடுவா.

– ஆஸ்பத்திரி சொன்னீங்களா?

– முதல்ல அதைத்தானே சொன்னேன்.

– அதுக்குமா நன்றி?

– அவங்க தண்ணியக் குடிச்சாளே. அவங்க கட்டில்ல படுத்தாளே.

– செத்தா.

– அதுக்கும்தான்.

– ஒரு கார் இருந்துச்சு.

– என்ன காரு?

– கல்யாணமான புதுசு. பனியில சிக்கிட்டோம். விடியற வரைக்கும் கார்லதான். அவ தூங்கினா. நான் பாத்துட்டிருந்தேன்.

– அடப்பாவி, இதை முதல்லயே சொல்றதுக்கென்ன, வெட்கமா? இரு, காருக்கும் சொல்லிட்டுப் போடறேன்… ம்ஹூம்.

– கார் இல்ல.

– கார் இல்ல. உன் வீடு, அவ ஸ்கூல் படிச்சப்ப இருந்த வீடு, தாய்லாந்து முகாம், எல்லாத்துலயும் சமத்தா வந்தா. மீகாங் ஆத்தையும் தாண்டிட்டா. லாவோஸ் கரையில ஏறி நின்னவ நின்னவதான். மலையேறி ஊருக்கு வாம்மான்னா அசைய மாட்டேங்கிறா. பெரியம்மா, பெத்தவ நீங்கதான் சொல்லணும். ஊருக்கும் ஆத்துக்கும் நடுவுல எங்க தங்கினீங்க?

– காட்டுல. வேற எங்க?

– எந்தக் காடு?

– பட்டாளத்துக்குப் பயந்து ஓடறவ காட்டுக்குப் பேரு கேட்டுட்டா ஓடுவா?

– கோவிச்சுக்காதீங்க. அவ பொறந்தப்ப உங்க கட்டிலடியில நஞ்சுக்கொடியப் புதைச்சிருப்பீங்கல்ல? அதான் அவ முதல் சட்டை. அதை எடுத்து உடுத்திக்கிட்டாத்தான் முன்னோர்கிட்ட போக முடியும். இல்லன்னா அலைவா.

– எனக்கே சொல்லித் தராதய்யா.

– அத்தை.

– என்ன மாப்பிள்ளை?

– காலையிலிருந்து நீங்க அவ முகத்தைப் பாக்கல.

– நீ மட்டும் அழுதியா?

– இல்ல. வரல.

– சாப்பிடவுமில்ல. அடுப்புல சோறு அப்படியே இருக்கு.

– நான் இங்க தனியா இருந்துக்கறேன் அத்தை. பழகிடும். அவ அலையக்கூடாது.

– அவ ஆத்தங்கரையிலதான் நிக்கிறாளா?

– அத்தை.

– என் கட்டிலடியில அவளுக்கு ஒண்ணும் இல்ல.

– என்ன சொல்றீங்க பெரியம்மா?

– தோண்டினாலும் கிடைக்காது. அவளை நான் பெக்கல. நாங்க கரைக்கு வந்தப்ப நாணல்ல ஒரு பொம்பள குப்புறக் கிடந்தா. சுட்டுப்போட்டிருந்தாங்க. அவ முதுகுத் துணிக்குள்ள குழந்தை. அழாம முழிச்சுட்டிருந்துச்சு. அவிழ்த்து என் முதுகுல கட்டிக்கிட்டேன்.

– பாஹுவாவுக்குத் தெரியுமா?

– பாஹுவாங்கற பேரே நான் வச்சதுதான். வேற என்ன தெரியும் அவளுக்கு?

– அந்தப் பொம்பள யாரு, என்ன குலம்? பாவாடைப் பூவேலைய வச்சாவது குலம் தெரியலையா பெரியம்மா?

– எல்லாம் சேறா இருந்துச்சு சோங். பின்னால சுட்டுட்டே வர்றான். யாரு பாத்தா?

– போச்சு. பேரும் தெரியாது, ஊரும் தெரியாது. எந்தக் கட்டிலடியில கொண்டுபோய் விடுவேன் லெங்?

– அந்தம்மாவைப் புதைச்சீங்களா அத்தை?

– எங்க நேரம்? நாணலை ஒடிச்சு மேல போட்டுட்டுத் தண்ணியில இறங்கிட்டேன்.

– அப்ப அவங்க இன்னும் அங்கதான் இருக்காங்க.

– யாரைச் சொல்றே தம்பி?

– அதுக்கு மேல கூப்பிடாதீங்க அண்ணே. அந்த நாணல்கிட்ட விட்டுட்டு வாங்க. மிச்ச வழி அவளைப் பெத்த அம்மாவுக்குத் தெரியும்.