மகனுக்கென்று வைத்திருந்த முட்டிவலி

வேப்பூரில் ஏறிய பஸ் விருத்தாசலத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. எனக்கு முன் சீட்டில் பீங்கான் பொம்மை செய்யும் இடத்துக்கு வேலைக்குப் போகும் இரண்டு பெண்கள். மூத்தவர் காலை நீட்டி, முட்டியைத் தடவியபடி சொன்னார்:

“இந்த வலிய எம்மவனுக்குன்னு வச்சிருக்கேன். வேற எந்த டாக்டருக்கும் காட்ட மாட்டேன்.”

நான் போனைப் பைக்குள் போட்டுவிட்டேன்.

“அதான் அஞ்சரை வருசம் படிச்சு முடிச்சிருச்சேக்கா உங்க புள்ள?”

“அது வெறும் எம்பிபிஎஸ்ஸாம்டி. அத மட்டும் வச்சிக்கிட்டு வேலை தேடுனா ஒருத்தரும் மதிக்க மாட்டாங்களாம். மேல மூணு வருசம் எலும்புக்குப் படிக்கணுமாம்.”

“சூளையில வச்ச பொம்மை வெந்து, ஆறி, கடைக்கே போயிடுது. உங்க புள்ள இன்னும் வேவுதே!”

“அதுகூடப் போவட்டும். எலும்புக்கு சீட்டு கெடைக்கலயாம். நேத்து போன் பண்ணி, கொழந்த டாக்டருக்குத்தான் கெடச்சிருக்குங்கறான்.”

“அய்யய்யோ! அப்ப முட்டி?”

மூத்தவர் நீட்டியிருந்த காலை மெல்ல மடக்கிக்கொண்டார்.

“பேசாம வேற டாக்டர்கிட்ட காட்டிடுங்கக்கா.”

“இத்தினி வருசம் பொறுத்துட்டு, எவனோ ஒருத்தன்கிட்ட கொண்டுபோயி குடுக்கறதா?” என்று புடவையை இழுத்து முட்டியை மூடினார். “கொழந்தைக்குப் படிச்சிட்டு, அதுக்கும் மேல ஒரு படிப்பு இருக்குதுங்கறான். எல்லாத்தையும் முடிச்சிட்டு வரட்டும். அதுக்குள்ள நானே கொழந்தையாயிடுவேன். அப்பப் பாக்கட்டும்.”