ராசமலரின் கைப்பக்குவம்

அச்சாறுக்குப் போடும் மரக்கறியில் ஈரம் இருக்கக் கூடாது, போதகர் ஐயா. இந்த டென்மார்க் பிராண்டேயில் வெயிலுக்கு எங்கே போவது? கரட்டையும் போஞ்சியையும் அரிந்து துணியில் பரப்பி ஹீற்றர்மேல் காயவைப்பேன். தம்பி செல்வரட்ணம் வேலையால் வந்து, "வீடு முழுக்க உடுப்புக் காயுது எண்டு நினைச்சன் அக்கா" என்று சிரிப்பான்.

தாயில்லாத பிள்ளையை நான்தான் வளர்த்தேன். அவனுக்காகவே எனக்கு வந்த கலியாணங்களைத் தட்டிக் கழித்தேன். அதை அவனிடம் சொல்லிக் காட்டியதில்லை, இரண்டொரு தரம் தவிர. எண்பத்தைந்தில் நாங்கள் இருவரும் டென்மார்க் வந்தோம். அவன் மனைவி ராசமலர் நிறைமாதம், அந்தப் பயணம் தாங்காது என்று யாழ்ப்பாணத்தில் நின்றுவிட்டாள். பிள்ளை பிறந்ததும் கூப்பிடுவதாகப் பேச்சு.

அவள்மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் என் அச்சாறை வாயில் வைத்தாலே, "நல்லாத்தான் இருக்கு. ராசமலர் போடுறது வேற ருசி" என்பான். சீனியைக் கூட்டினேன், பாணியாய்ப் போனது. கடுகைக் கூட்டினேன், கசந்தது. வளர்த்தவள் எத்தனை தரம்தான் தோற்பது?

அன்று கடுகு அரைத்துக்கொண்டிருந்தபோது ரெலிபோன் அடித்தது. கொழும்பிலிருந்து ராசமலர்.

"மச்சாள், ஏஜென்சிக்காரன் நாளைக்கு டென்மார்க்குக்கு ஆக்களை ஏத்துறான். அவர் ஓமெண்டால் நானும் பிள்ளையும் வாறம். அவரைக் கூப்பிடுங்கோ."

தம்பி வேலைக்குப் போயிருந்தான். "பக்கத்திலதான் நிக்கிறான்" என்றேன். "இப்ப வரவேண்டாமாம். ஊருக்குத் திரும்பிப் போகட்டாம்."

"அவற்ற குரலை ஒருக்காக் கேக்கலாமோ?"

"கதைக்க விருப்பமில்லையாம்."

அவள் அழுதாள். நான் அச்சாறுக்கு என்ன போடுவாய் என்று கேட்டேன். கேட்க வேண்டுமென்று நெடுநாளாக நினைத்திருந்த விஷயம்தானே. அந்த அழுகையிலும் அவள் ஒன்றையும் ஒளிக்கவில்லை. "வினாகிரியைச் சீனியோட காய்ச்சி, ஆறவிட்டுத்தான் கடுகைக் கரைக்கோணும் மச்சாள். பேரீச்சம்பழமும் கொஞ்சம் அரைச்சு விடுங்கோ. அவருக்கு அதுதான் விருப்பம்." நல்ல பெண்.

அவர்கள் ஊருக்குத் திரும்பிப் போன பஸ் வவுனியாவைத் தாண்டவில்லை. வழியில் துவக்குச் சூடு. தாயும் பிள்ளையும் ஒன்றாகத்தான் கிடந்தார்களாம். யார் சுட்டது என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். நான் யாரையும் சுடவில்லை, ஐயா.

தம்பி சோறு தண்ணியை விட்டுவிட்டான். கண்டால் பெற்ற வயிறு என்ன, வளர்த்த வயிறும் பற்றி எரியும். அவள் சொன்னபடியே அச்சாறு போட்டுச் சோற்றோடு வைத்தேன். ஒரு வாய் வைத்தான். சாவுச் செய்தி வந்த நாளில் அழாதவன் அப்போதுதான் வாய்விட்டு அழுதான்.

"இது அவளின்ர கை அக்கா. எப்பிடி வந்தது?"

"தற்செயலா வந்தது" என்றேன்.

"கொழும்புவரை வந்தவள் எனக்கு ஒரு கோல் எடுக்கேல்லையே. என்னை வெறுத்துப்போனாளோ?"

தினமும் அதையேதான் கேட்கிறான். கேட்டுக்கேட்டு ஆள் உருகிப் போகிறான். உள்ளதைச் சொல்லிவிடு என்பீர்கள். சொல்லலாம். சொன்னால் அதற்குப் பிறகு என் கையால் ஒரு பருக்கையும் தொடமாட்டான். அந்த ருசி தெரிந்தவள் இந்த உலகத்தில் இப்போது நான் ஒருத்திதான். என்னையும் இழந்துவிட்டால், பாவம், அவனுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?