அட்டைக்கு எந்த ஃபைல்?

டெஸ்டர்: ஷார்ட்கட் கீ அட்டை வேர்டுலயே இருக்கட்டும் அக்கா. நல்லா ஓடற வண்டிய ஏன் பிரிச்சுப் போடறீங்க?

அக்கா: நல்லாவா ஓடுது? போன வாரம் பல் ஆஸ்பத்திரில நடந்தது மறந்துபோச்சா?

டெஸ்டர்: அது ஒரு தடவைதானே.

அக்கா: நம்ம சாஃப்ட்வேர்ல சேமிக்க எஃப் எட்டு, அழிக்க எஃப் ஒன்பது. நாம அடிச்சுக் கொடுத்த அட்டையில ரெண்டும் மாறிப்போச்சு. ரிசப்ஷன்ல இருக்கற பொண்ணு அதை மானிட்டர் பக்கத்துல ஒட்டி வெச்சு, பார்த்துப் பார்த்து ஒரு நாள் அப்பாயின்ட்மென்ட் மொத்தத்தையும் அழிச்சிருக்கு.

டெஸ்டர்: முப்பது பேர் தாடையைப் பிடிச்சிட்டு ஒரே நேரத்துல வந்து நின்னாங்களாம்.

அக்கா: சிரிக்காத.

டெஸ்டர்: நீங்கதான் சிரிக்கிறீங்க.

அக்கா: ...சரி, விஷயத்துக்கு வா. அட்டை மொத்தமே நாப்பது வரி. வெறும் எழுத்து ஃபைலா நம்ம கோட் வைக்கற சிஸ்டத்துல வெச்சா, எந்த வரியை யார், என்னைக்கு மாத்தினாங்கன்னு அதுவே காட்டும்.

டெஸ்டர்: அழகா கட்டம் போட முடியாதே.

அக்கா: உனக்கு எப்போலேர்ந்து அழகு மேல அக்கறை? உன் கல்யாண போட்டோலயே சட்டையை உள்பக்கம் திருப்பிப் போட்டிருந்தவன் நீ.

டெஸ்டர்: அதை இன்னும் எத்தனை வருஷம்தான்... சரி. புது ஃபைல்னா புதுசா ஆரம்பிப்போம். பழசு வேணாம்.

அக்கா: அதெப்படி? நாம மெயில்ல அனுப்பிக்கிட்ட பதினெட்டு வேர்ட் ஃபைலும் என்கிட்ட இருக்கு. தேதி போட்டு, மாத்தினவங்க பேர் போட்டு, வரிசையா ஏத்திடறேன்.

டெஸ்டர்: பதினெட்டுமா?

அக்கா: ஏன், முகம் வெளுக்குது?

டெஸ்டர்: ஏசி ஜாஸ்தி.

அக்கா: காலையில மேனேஜர் ரூமுக்கு எதுக்குப் போன?

டெஸ்டர்: தண்ணி குடிக்க.

அக்கா: அவர் என்ன, தண்ணிப் பந்தலா போட்டு வெச்சிருக்கார்?

டெஸ்டர்: அக்கா, விட்டுடுங்களேன்...

அக்கா: மூணு மாசம் மூத்தவளை வாய்க்கு வாய் அக்காங்கற. அந்த மரியாதைக்காவது உண்மையைச் சொல்லு. தப்பு உன்னோடதுன்னு சொல்லிட்டு வந்தியா?

டெஸ்டர்: ...யாராவது ஒருத்தர் சொல்லணுமில்ல.

அக்கா: அடுத்த வாரம் உன்னை டீம் லீட் ஆக்கறதா இருந்தாங்க.

டெஸ்டர்: அடுத்த வருஷம் ஆக்கட்டும். ஓடியா போகப்போறேன்?

அக்கா: அப்போ வரலாறு தெரியற ஃபைல்னா உனக்கு ஏன் இவ்வளவு பயம்? ஒத்துக்கிட்டவனுக்கு மறைக்க என்ன இருக்கு?

டெஸ்டர்: ...பதினாலாவது ஃபைலை நானும் திறந்து பார்த்தேன் அக்கா. எஃப் எட்டு, ஒன்பது வரியை மாத்தினது நீங்க. ஏற்கனவே உங்க மேல ஒரு வார்னிங் இருக்கு, இன்னொண்ணு வந்தா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. அதான் வேர்டே போதும்னேன்.

அக்கா: தெரியும்டா. அந்த வரிக்கு நேரா என் பேர் நிக்கணும்னுதான் மத்தியானமே எல்லாத்தையும் ஏத்தி மேனேஜருக்கு அனுப்பிட்டேன். உன்கிட்ட இவ்வளவு நேரம் சண்டை போட்டது, நாலு மணிக்கு அவர் கூப்பிடற வரைக்கும் அதையே நினைச்சுட்டு உக்காராம இருக்கத்தான்.