விடியலில் போளூரை அழைத்த ஷம்ஷாத் அம்மையாருக்கு

குளிர்மலையில் வாழ்ந்தும் கேள்வியின் கனல் குன்றாத குணக்குன்றே! கோடும் வண்ணமும் கூப்பிட்டால் வந்து நிற்கும் கோலக் கலையரசியே! கொடைக்கானல் மலைக்காய்கறி விவசாயிகள் சங்கத்தில் முப்பத்திரண்டு ஆண்டுகள் வடிவமைப்பாளராக விளங்கி, இன்று பணிநிறைவு பெறும் அன்புக்குரிய ஷம்ஷாத் அம்மையாரே! வணக்கம்!

புகழுரை காதில் விழுந்தால் தாங்கள் பையைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டுவிடுவீர்கள் என்பதை அறிவோம். ஆகவே தங்களை மேடையில் அமரவைத்துவிட்டு, வேறு யாரையோ பற்றிப் பேசுவதுபோல் அவையோரிடம் பேசப் போகிறோம்.

சங்கத்துக்கு அறிவிப்புப் பலகை எழுத வந்தவர் அவர். தூரிகை பிடித்த கை, 2002-இல் கணினி வந்ததும் மவுஸைப் பிடித்தது. இரண்டே வாரத்தில் பழகிவிட்டார். எங்களில் சிலர் இன்னும் பழகிக்கொண்டிருக்கிறோம். அடுத்த ஆண்டே சங்கத்துக்கு ஓர் இணையதளம் அமைத்தார். மலைப்பாதை திறந்திருந்தால் பச்சை லாரிப் படம், மண் சரிந்து அடைபட்டால் சிவப்பு லாரிப் படம். அழகென்றால் அத்தனை அழகு! பக்கத்தின் அடியில், வந்து பார்த்தோரின் எண்ணிக்கை ஓடும். நாள்தோறும் அது ஏழு கூடும். யார் அந்த ஏழு பேர்? போளூரா, பழனியா, கடல் கடந்த யாரோவா என்று மூன்றாண்டுகள் வியந்துகொண்டே இருந்தார்.

2006 ஐப்பசி மழையில், நம் மலையின் கோடியிலுள்ள போளூர்க் கிராமத்துப் பாதையில் மண் சரிந்தது. அன்று தளத்தில் லாரி சிவப்பாகத்தான் நின்றது. விவசாயிகளின் செல்பேசிகளுக்குக் குறுஞ்செய்தியும் போயிற்று. ஆனாலும் போளூர் பெரியண்ணன் தன் தோட்டத்துக் காரட் முழுவதையும் பிடுங்கிக் கழுவி மூட்டை கட்டிவிட்டார். லாரி வரவில்லை. பாதை திறந்ததும் அழுகிய காரட் ஒன்றோடு நேரே அலுவலகத்துக்கு வந்து, அம்மையாரின் மேசைமேல் வைத்தார்.

"உங்க பொட்டியில பாத அடச்சுக் கெடக்குன்னு போட்டிருந்துச்சாமே. சரிங்க. எங்ககிட்ட யாருங்க சொன்னது?"

அம்மையார் எங்கள் பக்கம் திரும்பினார். "அப்ப அந்த ஏழு பேரு யாரு?"

நாங்கள்தான் என்று ஒப்புக்கொண்டோம். காலையில் வந்ததும் தேநீர் குடித்தபடி தளத்தைத் திறந்து பார்ப்பது எங்கள் ஏழு பேரின் வழக்கம். அவர் மகிழ்ச்சியைக் கெடுக்க மனமில்லாமல் சொல்லாமல் விட்டிருந்தோம். வெட்கமாகத்தான் இருந்தது.

வேறொருவர் என்றால் கோபித்திருப்பார். இவருக்கோ ஆவல் பற்றிக்கொண்டது. மறுநாள் வெள்ளனே போளூர் பஸ் ஏறியவர் மூன்று நாள் தங்கினார். அங்கே ஊர்க்கோடி வளைவில் ஒரு யூக்கலிப்டஸ் மரத்தில், பத்துப் பதினைந்து செல்பேசிகள் பைகளில் தொங்கின. ஊரில் சிக்னல் கிடைக்கும் ஒரே இடம் அது. எங்கள் செய்தி ஒன்றுகூடத் தவறாமல் மரத்துக்கு வந்து சேர்ந்திருந்தது. மனிதர்கள்தான் தோட்டத்தில் இருந்தார்கள்.

அன்று தம் குறிப்பேட்டில் இப்படி எழுதினார்: "கணினி மேசையை விட்டு இறங்கி நடக்கத் தொடங்கிவிட்டது. கைக்கு வந்தது, இப்போது மரத்திலும் ஏறிவிட்டது. இனி எங்கெல்லாம் போய் உட்காரும்? திரையே பார்க்காதவர்களுக்கு நான் எதை வரைவது?"

வளைவில் தேநீர்க்கடை வைத்திருக்கும் பிச்சையம்மாளிடம், பாதை அடைபட்டால் சிவப்புக் கொடி ஏற்றலாமா என்று கேட்டார்.

"மேகம் எறங்கிட்டா கொடி யாரு கண்ணுக்குங்க தெரியும்? திருவிழாவுக்குக் கட்டுற கொழா இருக்குல்ல, அந்தச் சத்தம் ஓடைக்கு அங்கிட்டும் கேக்கும்."

அவ்வளவுதான். கோயில் ஒலிபெருக்கியை மரத்தடிக்கே கொண்டுவந்து கட்டி, ஒரு செல்பேசியை அதோடு இணைத்தார்கள். விடியற்காலை ஐந்து மணிக்கு அம்மையார் சோதனைச்சாவடியில் பாதை நிலவரம் கேட்டு, வீட்டிலிருந்தே அந்த எண்ணை அழைப்பார். ஒருமுறை அடித்து ஓய்ந்தால் பாதை திறந்திருக்கிறது. மூன்று முறை அடித்தால் காரட்டைத் தொடாதீர்கள். எழுத்தில்லை, படமில்லை, எடுத்துப் பேச ஆளும் வேண்டாம். அவர் வடிவமைத்தவற்றுள் கண்ணுக்கே தெரியாதது இதுதான். எங்களுக்கு மிகப் பிடித்ததும் இதுதான். சென்ற மாதம் மறுபடி மண் சரிந்தது. மூன்று முறை மணி அடித்தது. போளூரில் ஒரு காரட்டும் மண்ணை விட்டு வெளியே வரவில்லை.

இவ்வளவுக்குப் பிறகும், விடியலில் அழைக்க வேறு ஆள் இல்லை என்று சொல்லி, அம்மையாரின் ஓய்வோடு இந்தச் சேவையையும் நிறுத்த நிர்வாகக் குழு முடிவெடுத்தது. அதைக் கேட்ட நாளிலிருந்து அவர் சரியாகச் சாப்பிடவில்லை. விழா, மாலை, சால்வை என்று நாங்கள் எதைப் பேசினாலும், "பெரியண்ணனுக்கு யாரு சொல்லுவா?" என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தார்.

அம்மையாரே! மூட்டுவலி அணுகாமல், முகமலர்ச்சி மாறாமல், இனி வரப்போகும் கருவிகளையெல்லாம் கண்டு, அவற்றின் குறைகளையெல்லாம் கேட்டு, நூறாண்டு நலமுடன் வாழ்க! நாளை முதல் ஐந்து மணிக்குத் தாங்கள் போர்வைக்குள்ளேயே இருக்கலாம். இம்மடலின் வரைவை நேற்று நிர்வாகக் குழுவிடம் நீட்டினோம், முடிவை மாற்றிக்கொண்டார்கள். கீழே இருப்பவை வாழ்த்துக் கையொப்பங்கள் மட்டும் அல்ல. போளூரை அழைக்க நாங்கள் ஏழு பேரும் ஏற்றுக்கொண்ட கிழமை முறை.

கொடைக்கானல், 31.12.2007

செவ்வாய் – மதன்
புதன் – சத்தியபிரியா
வியாழன் – நாச்சிமுத்து
வெள்ளி – சமீஹா
சனி – பொன்னுச்சாமி
ஞாயிறு – வள்ளி
திங்கள் – சிவராமன்